வளவில் கிடைத்த தேய்ந்த செப்புக்காசு: வாசகர் கேள்வி – பதில்

வளவு கொத்தும்போதும், கிணறு இறைத்துத் துப்புரவாக்கும்போதும், பழைய வீட்டு அத்திவாரத்தைத் தோண்டும்போதும் கிடைத்த காசுகளைப் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: தென்னங்கன்று நடக் குழி வெட்டியபோது இரண்டு முழ ஆழத்தில் ஒரு வட்டச் செப்புக்காசு வந்தது. நன்றாகத் தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஆங்கில ‘ஏ’ எழுத்து மாதிரி ஒன்று தெரிகிறது. மறுபக்கம் கேடயம் மாதிரி ஒரு வடிவம், அதற்கு மேல் ஒரு மேடு. ஆண்டு தெரியவில்லை. அடிமட்டத்தால் அளந்தால் 21 மில்லிமீற்றர். நகைக்கடையில் நிறுத்தபோது 2.71 கிராம். இது எந்த நாட்டுக் காசு? என்ன பெறுமதி? – வாசகர், ஆரையம்பதி

பதில்: அளவையும் எடையையும் எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். உங்களிடம் இருப்பது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘டொயிட்’. நாம் பேச்சில் சொல்லும் ‘துட்டு’ இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

காசைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் ‘ஏ’ என்று வாசித்தது கம்பனியின் முத்திரையில் உள்ள பெரிய ‘வி’ எழுத்து. அதன் இடது காலில் ‘ஓ’வும் வலது காலில் ‘சி’யும் கோர்த்திருக்கும். தேய்ந்துபோன காசில் அந்த இரண்டு சிறிய எழுத்துகளும் கரைந்து, கால்களுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டது மாதிரி நிற்கும். தலைகீழாகப் பிடித்தால் அச்சாக ‘ஏ’தான். இது யாருக்கும் வரக்கூடிய மயக்கம்.

இந்த முத்திரை போட்ட டொயிட்டுகள் ஒல்லாந்த தேசத்து மாகாணங்களின் அக்கசாலைகளில் (காசடிக்கும் இடங்களில்) 1726 முதல் 1794 வரை அச்சாகிக் கப்பலில் ஆசியாவுக்கு வந்தவை. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. ஆகவே ஒல்லாந்தர் இங்கே இருந்த பிற்காலத்தில் கைமாறிய சில்லறைக்காசு இது. ஒல்லாந்தரின் பெரிய நாணயக் கணக்குகளோடு பார்த்தால், நாலு டொயிட் ஒரு ஸ்டுய்வர். இலங்கைக் கணக்கில் 48 ஸ்டுய்வர் ஒரு ரிக்ஸ்டொலர்.

எந்த மாகாணம் என்பதைக் கேடயம் சொல்லும். நீங்கள் ‘மேடு’ என்று எழுதியது கேடயத்தின் மேலுள்ள முடி. காசில் உயர்ந்து நிற்பதுதான் முதலில் தேயும் என்பதால் முடியின் கிளைகள் போய்விட்டன. கேடயத்துக்குள் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் ஒற்றைச் சிங்கம் என்றால் ஒல்லாந்து மாகாணம். சிங்கத்தின் மேல் பாதி மட்டும் தெரிந்து, கீழே நெளிநெளியாக அலைக்கோடுகள் ஓடினால் சீலாந்து. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிங்கங்கள் நடந்தால் மேற்கு பிரீஸ்லாந்து. கேடயம் நடுவே நெடுக்காகப் பிரிந்து இரண்டு சிங்கங்கள் ஒன்றையொன்று பார்த்து நின்றால் கெல்டர்லாந்து. சிங்கங்கள் கேடயத்துக்கு வெளியே, இரு பக்கமும் தாங்கி நின்றால் உத்ரெக்ட். சிங்கம் முழுதாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேடயத்தின் கீழ்ப்பாதியில் கிடைக்கோடுகளின் தடம் இருந்தால் அது அலைதான். சீலாந்து என்று எழுதிவைக்கலாம்.

ஆண்டு ‘வி’யின் கூர்முனைக்குக் கீழே இருக்கும். முதல் இரண்டு எண்கள் 17 என்பது ஏற்கெனவே தெரிந்த விடயம். நீங்கள் தேட வேண்டியது மூன்றாம் எண்ணையும் நாலாம் எண்ணையும் மட்டும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, காசை ஒரு கறுப்புத் துணியில் வையுங்கள். கைத்தொலைபேசியின் ரோர்ச் வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல், மேசையோடு படுக்க வைத்து, பக்கவாட்டில் ஓடவிடுங்கள். வெளிச்சம் அசையக்கூடாது, காசைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். வெளிச்சம் ஓடும் திசையிலேயே கிடக்கும் கோடுகளுக்கு நிழல் விழாது. அதனால் ஒரு நிலையில் மறைந்திருக்கும் எண், காசைக் கால் வட்டம் திருப்பியவுடன் எழும்பி வரும். 4 என்று நினைத்தது 1 ஆக மாறுவதும், 6 என்று பட்டது 5 ஆவதும் இப்படிப் பார்க்கும்போதுதான். குறைந்தது எட்டு நிலைகளில் படம் எடுத்து, படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வழி வெள்ளித்தாள். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டைக் காசின் மேல் விரித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மெல்லிய அழிறப்பரால் நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்திக்கொண்டு போங்கள். செம்பின் கருநிறமும் பச்சைத் திட்டுகளும் கண்ணைக் குழப்புகின்றன. வெள்ளித்தாளில் நிறம் இல்லை, மேடுபள்ளம் மட்டுமே இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத காசில் ஆண்டின் பாதி தாளில் விழுந்துவிடும். ஆனால் மேற்பரப்பு பொடியாக உதிரும் காசில் இதைச் செய்ய வேண்டாம். இருப்பதும் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பெறுமதி கேட்டீர்கள். டொயிட் ஏராளமாக அச்சடித்த காசு. இவ்வளவு தேய்ந்த ஒன்றை எவரும் பெரிய விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆனால் ஆரையம்பதியில், வீட்டு வளவில், இரண்டு முழ ஆழத்தில் கிடைத்தது என்ற செய்தி காசை விட மதிப்பானது. அந்த இடத்தையும், ஆழத்தையும், கூடவே ஓடோ மட்பாண்டத் துண்டோ கிடைத்ததா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் காசுடனேயே வையுங்கள். அதைக் கொடுக்கும் முறையை ஏறாவூர் வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கிணற்றுச் சேற்றில் கிடைத்த செப்புக்காசைத் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஆனால் எழுத்து முன்பிருந்ததை விடக் குறைவாகத் தெரிகிறது. இப்போது வெளிர்பச்சைத் தூள் வேறு பூக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது. – வாசகி, காத்தான்குடி

பதில்: இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த செம்பின் மேற்பரப்பு, பழுப்பும் பச்சையுமான படலமாக மாறியிருக்கும். காசின் எழுத்து அந்தப் படலத்தில்தான் உயிரோடு இருக்கிறது; அடியில் உள்ள செம்பில் எழுத்து ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும். தேசிக்காய்ப் புளிப்பு படலத்தைக் கரைக்கிறது, கூடவே எழுத்தும் போகிறது. மிஞ்சுவது ரோசா நிறமான, குழிகள் விழுந்த வெறும் தகடு. பழப்புளி, பற்பசை, சாம்பல், பித்தளை மினுக்கும் களிம்பு எல்லாமே இதே வேலையைத்தான் செய்யும். போன எழுத்தை மீட்க வழியே இல்லை. அதனால்தான் கழுவ வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

பச்சைத் தூளை நிறுத்தலாம். நமது கரையோர மண்ணிலும் வாவியோரக் கிணறுகளிலும் உப்பு அதிகம். உப்பிலுள்ள குளோரைட்டு செம்புக்குள் ஊறி, செப்புக் குளோரைட்டாகத் தங்கிவிடுகிறது. அது காற்றின் ஈரத்தோடும் ஒட்சிசனோடும் சேரும்போது அமிலம் உண்டாகிறது. அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. மறுபடி தூள் பூக்கிறது. நீங்கள் உப்பும் சேர்த்துத் தேய்த்ததால் குளோரைட்டு இன்னும் கூடிவிட்டது. செய்ய வேண்டியது இதுதான். ஒரு கண்ணாடிக் கோப்பையில் வடித்த நீர் ஊற்றிக் காசை மூழ்க வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்காவிட்டால், பற்றரிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய தண்ணீர் போதும். பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள், போத்தலை நன்றாகப் பாருங்கள். முதல் வாரம் நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள், பிறகு வாரம் ஒரு தடவை. ஒரு மாதம், இரண்டு மாதம்கூட எடுக்கும். கிணற்று நீரும் குழாய் நீரும் இதற்கு உதவாது; அவற்றிலேயே குளோரைட்டு இருக்கிறது.

எடுத்த பிறகு மெல்லிய துணியில் ஒற்றி, மேசை விளக்கின் கீழே இரண்டு மூன்று மணிநேரம் காயவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தூள் இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால் மறுபடி தண்ணீர்தான். வழவழப்பான, மணம் வீசும் பிளாஸ்ரிக் உறைகளில் மட்டும் போட வேண்டாம். பீ.வீ.சீ. உறை பழசாகும்போது அதிலிருந்து கசியும் பொருளே காசில் பச்சைப் பசையாகப் படியும்.

கேள்வி: யானை போட்ட தடித்த செப்புக்காசு. பின்பக்கம் நடுவில் 12 என்ற எண் மட்டும் தெரிகிறது. ஆனால் 48 என்று எழுதிய சின்னக் காசும் கூடவே இருக்கிறது. 48ஐ விட 12 எப்படிப் பெரிதாகும்? – வாசகர், கல்முனை

பதில்: அது பன்னிரண்டு அல்ல, பன்னிரண்டில் ஒரு பங்கு. பிரித்தானியர் வந்த பிறகும் ரிக்ஸ்டொலர் கணக்கே தொடர்ந்தது. 12 என்று போட்டது ஒரு ரிக்ஸ்டொலரின் 12இல் ஒன்று, அதாவது நாலு ஸ்டுய்வர், அதாவது அந்தக் காலத்தில் ‘பணம்’ என்று சொன்ன நாணய அலகில் ஒன்று. 24 என்பது இரண்டு ஸ்டுய்வர். 48 என்பது ஒன்று. எடையும் அப்படியே பாதி பாதியாக இறங்கும். மூன்றையும் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். எண்ணைச் சுற்றி ‘சிலோன் கவர்மென்ட்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்திருக்கும். யானையின் காலடியில் ஆண்டு.

தடித்து, விளிம்பு சமமில்லாமல், யானை ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் 1801 முதல் 1816 வரை இங்கேயே அடித்தவை. இதே எண் முறையில், ஆனால் மெல்லியதாய் வட்டம் சுத்தமாய் இருந்து, 48, 96, 192 என்ற எண்களில் ஒன்று இருந்தால், அது 1802இல் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்து அனுப்பிய தொகுதி. ஒரு பக்கம் மன்னரின் தலையும் மறுபக்கம் யானையும் இருந்தால் 1815ஆம் ஆண்டின் ஸ்டுய்வர் காசு.

யானை இல்லாமல், அதே தடிப்பில் கம்பனியின் ‘வி’ முத்திரை இருந்தால் அது இன்னும் முந்தியது. ஒல்லாந்தர் தங்கள் கடைசிக் காலத்தில் இலங்கையிலேயே அடித்த ஸ்டுய்வர். முத்திரைக்கு மேலே நிற்கும் ஒற்றை எழுத்துத்தான் அக்கசாலை: ‘சி’ கொழும்பு, ‘ஜி’ காலி, ‘டி’ திருகோணமலை, ‘ஐ’ யாழ்ப்பாணம். தேய்ந்த காசில் இந்த ஓர் எழுத்தைத் தேடுவதற்காகவே பக்கவாட்டு வெளிச்சத்தில் அரை மணிநேரம் இருக்கலாம்.

கேள்வி: வெள்ளை நிறக் காசு, 30 மில்லிமீற்றர், 10.92 கிராம். ஒருவர் வெள்ளி என்கிறார், மற்றவர் ஈயம் என்கிறார். உரசிப் பார்க்க மனமில்லை. – வாசகர், வாழைச்சேனை

பதில்: உரச வேண்டாம். தண்ணீரில் நிறுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் இலத்திரனியல் தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நைலோன் வலைநூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் தாழ விடுங்கள். கோப்பையின் அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. நூலைக் கையில் பிடித்தபடியே இருக்க வேண்டும். இப்போது தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி வரும்.

உங்கள் காசுக்குத் தராசு 1.06 காட்டினால், 10.92ஐ 1.06ஆல் வகுக்க 10.3. அது நாணய வெள்ளி. ஈயமாக இருந்தால் 0.96 அளவில் காட்டும், அடர்த்தி 11.3. வெள்ளீயம் என்றால் 1.50, அடர்த்தி 7.3. செம்பும் நிக்கலும் கலந்த பிற்காலக் காசு 1.23 அளவில் நிற்கும், அடர்த்தி 8.9. இந்த எடையில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இடறுவது காற்றுக்குமிழி. காசின் பள்ளங்களில் ஒட்டிய குமிழி, காசைப் பருமனாகக் காட்டி அடர்த்தியைக் குறைத்துவிடும். தண்ணீரில் ஒரு துளி திரவச் சவர்க்காரம் விட்டு, காசை முதலில் நனைத்து உதறிவிட்டு இறக்குங்கள். மூன்று தடவை செய்து பாருங்கள்.

இந்த முறையைச் சின்னக் காசில் நம்ப வேண்டாம். ஆரையம்பதி வாசகரின் 2.71 கிராம் டொயிட்டுக்குத் தராசு 0.30 காட்டினால் அடர்த்தி 9.03, 0.31 காட்டினால் 8.74. தராசின் கடைசி எண் ஒன்று தவறினாலே செம்பு பித்தளையாகிவிடும்.

உங்கள் அளவுகள் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பனி இந்தியாவில் வெளியிட்ட வெள்ளி ரூபாய்க்குப் பொருந்துகின்றன. அது புதிதாக 11.66 கிராம், உங்களுடையது முக்கால் கிராம் தேய்ந்திருக்கிறது. தலை வலப்பக்கம் பார்த்தால் நாலாம் வில்லியம், 1835. இடப்பக்கம் பார்த்தால் விக்டோரியா, 1840. மறுபக்கம் இலை வளையத்துக்குள் ஆங்கிலத்திலும் பாரசீக எழுத்திலும் ஒரு ரூபாய் என்று இருக்கும். விளிம்பின் மேற்பகுதியில் ஒரு சிறு கட்டியோ வேறு நிறத் திட்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்தில் போட வளையம் பொருத்தியிருந்தால் ஒட்டுவெள்ளியின் தடம் அது. எடை கணக்குக்கு வராத காசுகளில் பலவற்றின் காரணம் இதுதான்.

கேள்வி: கிழக்கிந்தியக் கம்பனி 1818 என்று எழுதி, இராமர் பட்டாபிஷேகம் போட்ட ‘ஒன் அணா’ காசு. அரிசியை இழுக்கும், இலட்சக்கணக்கில் விலை போகும் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். – வாசகர், திருக்கோவில்

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கம்பனி இராமரையோ அனுமனையோ போட்டு அணாக் காசு அடித்ததே இல்லை. 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டவை எல்லாம் பிற்காலத்தில் விற்பனைக்கென்று செய்த வில்லைகள். கம்பனியின் உண்மையான கால் அணா 1835ஆம் ஆண்டினது: ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கம்பனிக் கேடயம், மறுபக்கம் இலை வளையத்துக்குள் மதிப்பு, 6.4 கிராமுக்குச் சற்று மேல். சென்னையில் 1808ஐ ஒட்டி அடித்த ‘பகோடா’ என்ற வகை வெள்ளிக் காசுகளில் கோபுரமும் திருமாலும் இருப்பது உண்மைதான், ஆனால் அது வேறு காசு. அணா என்ற சொல் அதில் வராது.

அரிசி இழுப்பது மோசடி. செம்பும் வெள்ளியும் பித்தளையும் அரிசியை இழுக்காது. முன்பணம், பரிசோதனைக் கட்டணம் என்று கேட்கத் தொடங்கியவுடன் பொலிசில் முறையிடுங்கள்.

கேள்வி: சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செப்புக்காசு. பெண்ணின் தலை தெரிகிறது. மறுபக்கம் முடியும் அதற்குக் கீழே எழுத்தும். – வாசகி, நிந்தவூர்

பதில்: முடிக்குக் கீழே இரண்டு வரி எழுத்து, அதற்குக் கீழே ஆண்டு, அடியில் ஒரு பூ வேலை என்றால் அது விக்டோரியா காலத்துப் பார்த்திங் (கால் பென்னி) காசின் ஒரு பங்கு. குறுக்களவு 18 மில்லிமீற்றர் என்றால் அரைப் பார்த்திங், 13.5 என்றால் கால் பார்த்திங். இலங்கையில் 1825இல் ஸ்டேர்லிங் (இங்கிலாந்து நாணய) கணக்கு வந்தபோது இங்கிலாந்தின் மிகச் சிறிய காசே இங்கே சந்தைக்குப் பெரிதாக இருந்தது. அதனால் அரைப் பார்த்திங்கை 1828 முதல் இலங்கைக்கென்றே அடித்தார்கள். இங்கிலாந்தில் அது செல்லுபடியானது 1842இல்தான். மறுபக்கம் முடி இல்லாமல் ஒரு பனைமர வடிவம் தெரிந்தால் 1870 முதல் அடித்த சதக்காசு.

பின்பக்க நடுவில் ஒட்டுத் தடமோ, உடைந்த வளையத்தின் அடியோ இருந்தால் அது காசே அல்ல, பழைய உடுப்புப் பொத்தான்.

கேள்வி: அம்மம்மாவின் பழைய மாலையில் இருந்த தங்கக் காசு. 3.46 கிராம். ஒருவர் மண்டியிட்டுக் கொடிக்கம்பு பிடிக்கிறார், முன்னால் ஒருவர் நிற்கிறார். மறுபக்கம் முட்டை வடிவத்துக்குள் ஒரு உருவமும் நட்சத்திரங்களும். பத்தர் உருக்கித் தாலிக்கொடிக்குச் சேர்க்கலாம் என்கிறார். – வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உருக்க வேண்டாம். இது வெனிஸ் நகரத்தின் டுக்காட், அல்லது அதைப் பார்த்து நம் பக்கத்தில் செய்த போலி. நிற்பவர் புனித மாற்கு, மண்டியிட்டவர் வெனிஸ் குடியரசின் தலைவர், முட்டை வடிவத்துக்குள் இயேசு. 1284இல் தொடங்கி 1797இல் அந்தக் குடியரசு முடியும்வரை இதே உருவத்தில் அடித்தார்கள். கிட்டத்தட்ட சுத்தத் தங்கம், ஏறக்குறைய மூன்றரைக் கிராம். அது மாறாமலே இருந்ததால் அரபுக் கரையிலிருந்து நம் கரைவரை நம்பி வாங்கினார்கள்.

அசலா என்று பார்க்க உருவத்தை விடுங்கள், எழுத்தைப் பாருங்கள். கொடிக்கம்பின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ‘டி’, ‘வி’, ‘எக்ஸ்’ என்ற மூன்று எழுத்துகள் தெளிவாக நின்றால் நல்ல அடையாளம். போலியில் எழுத்துக்குப் பதிலாகக் கோடும் புள்ளியும்தான் இருக்கும். செய்தவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. தண்ணீரில் நிறுத்தால் 0.18 அளவில் காட்ட வேண்டும். 0.22க்கு மேல் போனால் கலப்பு இருக்கிறது. காசு சின்னது என்பதால் இதைத் துணைச் சோதனையாக மட்டும் எடுங்கள். போலியாக இருந்தாலும் அது பழைய மாலையின் காசு. உருக்கினால் கிடைப்பது மூன்றரைக் கிராம் தங்கம் மட்டும்.

நாம் ‘பவுண்’ என்று சொல்வதும் இப்படி ஒரு காசிலிருந்து வந்ததே: ஆங்கிலேயரின் சொவரின், 22 கரட், 7.99 கிராம். மாலையில் குதிரை வீரன் பாம்பைக் குத்தும் காசும் இருந்தால் அது அதுதான்.

கேள்வி: ஒரு பக்கம் பூ மாதிரி, மறுபக்கம் தமிழ் எழுத்து. இது சோழர் காசா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நடு இதழ் நிமிர்ந்து, பக்க இதழ்கள் இரண்டும் வெளியே வளைந்த லில்லிப்பூ என்றால் பிரெஞ்சுக்காரரின் காசு. மறுபக்கம் புள்ளி வைக்காமல், வரி பிரித்து ‘புதுச்சேரி’ என்று இருக்கும். பூவுக்குப் பதில் காளி போன்ற உருவமும் மறுபக்கம் ‘நாகபட்டணம்’ என்பதும் இருந்தால் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தில் அடித்தது. தமிழ் எழுத்து இருப்பதாலேயே தமிழ் அரசர் காசு ஆகிவிடாது.

கேள்வி: மழைக்குப் பிறகு மணலில் கிடைத்தது. 15 மில்லிமீற்றர், ஒன்றரைக் கிராம். வட்டம்கூடச் சரியில்லை. ஒரு தலை வலப்பக்கம் பார்க்கிறது. தலையில் கட்டிய நாடாவின் நுனி பின்னால் தொங்குகிறது. மறுபக்கம் சிலுவை. போர்த்துக்கேயர் காசா? – வாசகர், பொத்துவில்

பதில்: சிலுவை என்றவுடன் போர்த்துக்கேயரிடம் போக வேண்டாம். நீங்கள் சொல்லும் அளவும், நாடாக் கட்டிய தலையும், விளிம்பு வரம்பு இல்லாத ஒழுங்கற்ற வட்டமும் உரோமர் காசைக் காட்டுகின்றன. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்த சின்னச் செப்புக்காசுகள் இலங்கையில், அதுவும் தென்கரையில், ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சிலுவையைச் சுற்றி ஒரு மாலை வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றைப் பார்த்து இலங்கையிலேயே செய்த காசுகளும் உண்டு. அவற்றில் எழுத்து வெறும் கோடுகளாக இருக்கும். கழுவாமல், ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதில் போட்டு, உடனே அறிவியுங்கள். கிடைத்த இடத்தில் மேலும் தோண்ட வேண்டாம்.

கேள்வி: என் சொந்தக் காணியில் கிடைத்தால் காசு எனக்குத்தானே? – வாசகர், ஏறாவூர்

பதில்: இல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுக்குள் இருந்து கிடைக்கும் தொல்பொருள் காணிக்காரருடையது ஆகாது, அரசுடையது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதாகக் கருதக்கூடிய நாணயங்களும் அதில் அடங்கும். டொயிட், ஒல்லாந்த ஸ்டுய்வர், உரோமர் காசு எல்லாம் அதற்குள் வரும். 1870ஆம் ஆண்டின் சதக்காசு வராது. கிடைத்தவுடன் தொல்பொருள் திணைக்களத்துக்கோ, கச்சேரிக்கோ, பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கோ அறிவிக்க வேண்டும். கொடுக்கும்போது இரு பக்கப் படம், எடை, குறுக்களவு, கிடைத்த இடம், ஆழம், திகதி எல்லாம் எழுதிய கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தேடித் தோண்டுவதற்கும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் முடியாது.

கேள்வி: படம் அனுப்பினால் அடையாளம் சொல்வீர்களா? – பல வாசகர்கள்

பதில்: சொல்வோம். கையில் பிடித்து எடுத்த படம் வேண்டாம். விரல் நடுங்கி எழுத்துக் குழம்பும். பகலில், வெயில் நேரடியாக விழாத யன்னலோரத்தில் கறுப்புத் துணியில் வைத்து, கமெராவைக் காசுக்கு நேர் மேலே பிடித்து, பிளாஷ் போடாமல் எடுங்கள். பக்கத்தில் அடிமட்டம் கிடக்கட்டும். இரு பக்கம், விளிம்பு, பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு படம். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும், கோப்பாக அனுப்புங்கள். எடையை 0.01 கிராம் வரை எழுதுங்கள். வீட்டுச் சமையல் தராசு போதாது, அது 2.7 கிராமை 3 என்று காட்டும். எடை இல்லாமல் வரும் படத்துக்கு உறுதியான பதில் சொல்ல மாட்டோம்.